பல் தீட்டும் ஒழுங்கு: முரசு ஓரத்திலிருந்து வைத்தியரின் கதிரை வரை

காலையில் நுரை பொங்கப் பல் தீட்டுகிறவர்களுக்கும் சூத்தை விழுகிறது, முரசில் இரத்தம் வருகிறது. அவர்களுடைய பிரஷை எடுத்துப் பார்த்தால் இரண்டு மாதத்திலேயே தும்புகள் விரிந்து கிடக்கும். முன்பற்கள் பளிச்சென்று இருக்கும். ஆனால் கீழ்க் கொடுப்புப் பற்களின் உட்பக்கத்தில், நாக்குப் படுகிற இடத்தில், நகத்தால் மெல்லச் சுரண்டினால் வெள்ளையாக ஒரு பிசின் வரும். கிருமிகள் கூடு கட்டி வாழும் படலம் அது. சூத்தையும் முரசு நோயும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. அதை எந்த ஒழுங்கில் எடுப்பது, ஏன் அந்த ஒழுங்கு, வலியோ வீக்கமோ வந்தால் என்ன செய்வது என்பதைக் கீழே தருகிறோம்.

1. முதலில் வாங்க வேண்டியவை

பிரஷ்: உறையில் ‘சொஃப்ட்’ என்று போட்டிருக்க வேண்டும். தலை சிறிதாக, பெரியவர்களுக்கு இரண்டு முதல் இரண்டரை சென்ரிமீற்றர் நீளம் போதும். பெரிய தலை கடைசிக் கொடுப்புப் பல்லின் பின்பக்கம் போகாது. ‘ஹார்ட்’ பிரஷ் அழுக்கைக் கூடுதலாக எடுப்பதில்லை. முரசைக் கீழே தள்ளி வேரை வெளியே தெரிய வைக்கும், அதன் பிறகுதான் குளிர்தண்ணீர் பட்டால் கூசும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தும்பு அதற்கு முன்பே விரிந்தால் நீங்கள் அழுத்துவது அதிகம்.

பற்பசை: பெட்டியின் பின்பக்கத்தில், சூத்தை விழாமல் காக்கும் புளோரைட்டின் அளவைத் தேடுங்கள். பெரியவர்களுக்கு 1350 முதல் 1500 பிபிஎம் (ppm, பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) வரை, பிள்ளைகளுக்குக் குறைந்தது 1000 பிபிஎம். மூலிகைப் பற்பசைகள் சிலவற்றில் புளோரைட் உண்டு, சிலவற்றில் இல்லை. பெயரையும் நிறத்தையும் பார்த்து வாங்காமல் எழுத்தை வாசித்து வாங்குங்கள்.

கொழும்பில் இது முக்கியம். இங்கே குழாயில் வரும் களனி ஆற்றுத் தண்ணீரில் புளோரைட் மிகக் குறைவு, ஆகவே பல்லுக்கு வேண்டியது பற்பசை வழியாகத்தான் வர வேண்டும். அநுராதபுரம் போன்ற வறண்ட வலயத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்து, பல்லில் கபிலத் திட்டுகளோடு கொழும்புக்கு வந்தவர்கள் புளோரைட் என்றாலே பயப்படுவதுண்டு. அந்தத் திட்டு, பல் முளைப்பதற்கு முன் சின்ன வயதில் விழுங்கிய தண்ணீரால் வந்தது. வளர்ந்தவர் தீட்டித் துப்பும் பசையால் அது வராது.

இவற்றோடு பல்லிடுக்குக்கு நூல் அல்லது இடுக்குப் பிரஷ், நாக்கு வழிப்பான், ஒரு சிறு கைக்கண்ணாடி. வெளிச்சத்துக்குத் தொலைபேசி டோர்ச் போதும்.

கரித்தூள், உமிக்கரி, கல்லுப்பு, வெளுப்பாக்கும் பொடி எதுவும் வேண்டாம். இவை கறையோடு பல்லின் வெளி ஓடான எனாமலையும் தேய்த்து எடுக்கும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. உள்ளே இருக்கும் மஞ்சள் அடுக்கு தெரியத் தொடங்கி, வெளுப்பாக்கப் போன பல் இன்னும் மஞ்சளாகும்.

2. இரவுத் தீட்டலை முதன்மையாக்குங்கள்

ஒரு நாளில் ஒரு தடவைதான் முழுக் கவனத்தோடு முடியும் என்றால் அது இரவில் இருக்கட்டும். விழித்திருக்கும்போது எச்சில் அமிலத்தைக் கழுவி, பல் இழந்த தாதுவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் எச்சில் வற்றிவிடும். இடுக்கில் இருக்கும் பாணும் பிஸ்கட்டும் இரவு முழுவதும் கிருமிக்குச் சாப்பாடு.

ஒழுங்கு இதுதான்: இரவுச் சாப்பாடு, பிறகு குடிக்க வேண்டிய பால் அல்லது தேத்தண்ணி, பிறகு பல்லிடுக்கு, பிறகு பிரஷ், பிறகு துப்புதல். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும். பலரும் பல் தீட்டிவிட்டுப் படுக்கைக்குப் போகிற வழியில் சீனி போட்ட பாலைக் குடிப்பார்கள். அத்தோடு தீட்டியது முழுவதும் வீண். பாலை அரை மணிக்கு முன்னே தள்ளினால் போதும்.

3. பல்லிடுக்கை முதலில் எடுங்கள்

பல்லுக்கு ஐந்து பக்கங்கள் உண்டு. பக்கத்துப் பல்லை ஒட்டியிருக்கும் இரண்டு பக்கங்களுக்குப் பிரஷ் தும்பு போகாது. இடுக்கைத் திறந்துவிட்டுப் பிறகு தீட்டினால் பற்பசையும் உள்ளே போகும். அதனால்தான் இது முதல் வேலை.

சுமார் 45 சென்ரிமீற்றர் நூலை வெட்டி, இரண்டு கை நடுவிரல்களிலும் சுற்றி, நடுவில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இறுக்கமாக விடுங்கள். முன்னும் பின்னும் அசைத்து மெதுவாக இறக்குங்கள். ‘டக்’ என்று அழுத்தி இறக்கினால் முரசு வெட்டுப்படும். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லைச் சுற்றி வளைத்து, முரசுக்குக் கொஞ்சம் கீழே வரை இறக்கி, மேல்நோக்கி நான்கைந்து தடவை வழியுங்கள். பிறகு அதே இடுக்கில் எதிர்ப்பல்லுக்கு. மேலும் கீழும் ஒரு தடவை இழுத்துவிட்டு அடுத்த இடுக்குக்குப் போவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. அதனால் மாட்டிய இறைச்சி நார் வருமே தவிரப் படலம் வராது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இடுக்குகள் அகன்றிருக்கும். அவர்களுக்கு இடுக்குப் பிரஷ் இலகு. கொஞ்சம் இறுக்கமாகப் போகும் அளவு சரியானது. கம்பி பல்லில் உரசினால் ஒரு அளவு சிறியதை வாங்குங்கள். தீக்குச்சி, குண்டூசி, பின் எதையும் இடுக்கில் விடாதீர்கள்.

4. பிரஷை வைக்கும் இடம்

பிரஷ் தலையைப் பாதி முரசிலும் பாதி பல்லிலும் படும்படி, 45 பாகை சாய்வில் வையுங்கள். படலம் கூடுதலாகச் சேர்வது பல்லும் முரசும் சந்திக்கும் கோட்டில். நேராகப் பல்லின் முகத்தில் வைத்தால் அந்தக் கோடு தப்பிவிடும்.

தும்பின் நுனி அசையாமல் தலையை மட்டும் சின்னதாக அதிரவிடுங்கள். இரண்டு பல்லுக்குப் பத்து அதிர்வு, பிறகு பல்லின் கடிக்கும் பக்கம் நோக்கி ஒரு வழிப்பு, பிறகு அடுத்த இரண்டு. குறுக்கே அறுப்பதுபோலத் தீட்டும் பழக்கம்தான் முரசோரத்தில் ஆப்பு வடிவில் பள்ளம் விழுவதற்குப் பெரிய காரணம். அந்தப் பள்ளத்தைச் சூத்தை என்று நினைத்து இன்னும் ஊன்றித் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது? எல்லோரும் முன்பல்லில் தொடங்குவார்கள், கடைசியில் போகும்போது கை சலித்துவிடும். கடினமான இடத்தில் தொடங்குங்கள்: கீழே இடது பக்கம் உட்புறம், கீழே வலது பக்கம் உட்புறம், பிறகு மேலே உட்புறங்கள், அதன் பிறகு வெளிப்புறங்கள், கடைசியாக மென்று கடிக்கும் மேற்பரப்பு. கீழ் முன்பற்களின் உட்பக்கத்துக்குப் பிரஷை நிமிர்த்திப் பிடியுங்கள். நாக்கின் அடியில் எச்சில் சுரக்கும் வாய் அங்கேதான் இருக்கிறது. எடுக்காமல் விட்ட படலம் எச்சிலிலுள்ள கல்சியத்தைப் பிடித்து ஒன்றிரண்டு நாளிலேயே காரையாக இறுகத் தொடங்கும். காரையான பிறகு எந்தப் பிரஷும் அதை எடுக்காது.

வேட்டைப்பல் அருகில் கை திரும்பும். திரும்பும்போது ஒரு பல் தவறிப்போகும். அந்த இடத்தில் வேண்டுமென்றே இரண்டு பல்லைத் திரும்பவும் தீட்டுங்கள்.

மொத்தம் இரண்டு நிமிடம். பிரஷைப் பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும்.

5. துப்புங்கள், கொப்பளிக்க வேண்டாம்

பழக்கத்தை மாற்றக் கடினமான படி இது. தீட்டி முடிந்ததும் நுரையை நன்றாகத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். இரண்டு மூன்று தடவை கொப்பளித்தால் காசு கொடுத்து வாங்கிய புளோரைட் சிங்கில் போய்விடும். மெல்லிய படலமாகப் பல்லில் தங்கினால்தான் அது வேலை செய்யும். முதல் வாரம் வாய் வழுவழுப்பாக இருக்கும். பசையைப் பட்டாணி அளவாகக் குறைத்தால் அந்தத் தொல்லையும் குறையும். விளம்பரத்தில் காட்டுவதுபோலப் பிரஷ் முழுவதும் பசை போடத் தேவையில்லை.

வாய் கழுவும் மருந்து பாவிக்கிறவர்கள் அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன்ற வேறொரு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாக்கை வழிப்பானால் பின்னிருந்து முன்னாக மூன்று நான்கு தடவை மெல்ல வழித்தால் போதும். வாய் நாற்றத்தின் பெரும்பகுதி நாக்கின் பின்பக்கத்திலிருந்தும் பல்லிடுக்கிலிருந்தும் வருகிறது. இரண்டையும் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நாற்றம் போகாவிட்டால் முரசைக் காட்டுங்கள்.

6. பகலில் எத்தனை தடவை?

சீனி எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு முறையும் இனிப்புப் பட்டதும் கிருமிகள் அமிலம் உண்டாக்கும். அது அடங்க அரை மணி, சிலநேரம் கூடவும் ஆகும். அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பிளேன்டீயைப் பக்கத்தில் வைத்து ஒரு மணிநேரமாக உறிஞ்சுகிறவர், பிறகு ஒரு டொபி, நாலு மணிக்குக் கிம்புலா பணிஸ், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு சோடா என்று போனால் பல்லுக்கு ஓய்வே இல்லை. இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள். இடையில் வெறும் தண்ணீர், கச்சான், சீனி போடாத தேத்தண்ணி நல்லது.

காலி முகத்திடலில் அச்சாறு, மாங்காய், வெரளு, அம்பரெல்லா சாப்பிட்டால் உடனே பல் தீட்டாதீர்கள். புளி பட்ட எனாமல் சற்று நேரம் இளகியிருக்கும், அப்போது தீட்டினால் தேயும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணியாவது பொறுங்கள். காலை எழுந்து வாந்தி எடுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதே விதி.

7. முரசில் இரத்தம் வந்தால்

இரத்தம் வந்ததும் பெரும்பாலானோர் அந்த இடத்தைத் தீட்டாமல் விடுகிறார்கள். படலம் இன்னும் சேர்ந்து முரசு இன்னும் வீங்கும். செய்ய வேண்டியது எதிர்மாறு: அந்த இடத்தில்தான் மெதுவான பிரஷால், அழுத்தாமல், கூடுதலாக நேரம் எடுங்கள். நூலும் விடுங்கள். ஆரம்ப நிலை வீக்கம் என்றால் ஒன்று இரண்டு வாரத்தில் இரத்தம் குறையும்.

குறையாவிட்டால் முரசுக்குக் கீழே காரை இருக்கக்கூடும். ஸ்கேலிங், அதாவது வைத்தியர் கருவியால் காரையைச் சுரண்டி எடுப்பது, செய்ய வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் நம்மவரிடம் பரவலாக உண்டு. இடைவெளியை உண்டாக்கியது நோய். அதைக் காரை அடைத்து வைத்திருந்தது. காரை போனதும் தெரிகிறது, அவ்வளவுதான். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, நல்ல பல்லே ஆடத் தொடங்கும். வலியில்லாமல் நடப்பதால்தான் இது ஆபத்து.

வைத்தியர் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீத வாய் கழுவும் மருந்து கொடுத்தால் 10 மில்லிலீற்றரை ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள், நாளுக்கு இரண்டு தடவை. பற்பசைக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள். பசையிலுள்ள நுரைப் பொருள் மருந்தை முறித்துவிடும். மருந்துக்குப் பிறகு உடனே தேத்தண்ணி குடித்தால் பல்லில் கபிலக் கறை பிடிக்கும். வைத்தியர் சொன்னாலொழிய இரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு நோய் வேகமாகப் போகும், முரசு நோய் இருந்தால் இரத்தச் சீனியும் கட்டுக்குள் வர மறுக்கும். கிளினிக்கில் குளிசை கூட்டியும் சீனி இறங்காதவர்கள் முரசையும் காட்ட வேண்டும். புகைப்பவர்களுக்கு நோய் முற்றியும் இரத்தம் வராமல் இருக்கலாம். அதை நல்ல முரசு என்று நம்ப வேண்டாம்.

8. பிள்ளைகளுக்கு

முதல் பல் தெரிந்த நாளிலேயே தொடங்குங்கள். மூன்று வயது வரை அரிசிமணி அளவு பசை, மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு. ஏழு எட்டு வயது வரை பெரியவர்கள்தான் தீட்டிவிட வேண்டும். பிள்ளையின் பின்னால் நின்று தலையை உங்கள் மேல் சாய்த்து வைத்தால் உள்ளே தெரியும். பால் போத்தலோடு தூங்க வைக்காதீர்கள், மேல் முன்பற்கள் வரிசையாகக் கரைவது அதனால்தான்.

பெற்றோர் கூடுதலாக ஏமாறுவது ஆறு வயதில். கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கொடுப்புப் பல் முளைக்கும். விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடுவார்கள். அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல். அதன் மேற்பரப்பில் ஆழமான கோடுகள் இருப்பதால் முதலில் சூத்தை பிடிப்பதும் அதுவே. கோடுகளை அடைத்துக் காக்கும் பூச்சு உண்டு. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள், அங்கே சிகிச்சை இலவசம். பிள்ளை அங்கிருந்து கொண்டுவரும் துண்டுச் சீட்டைப் புத்தகப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்.

9. மாதம் ஒருமுறை வாயைப் பாருங்கள்

இலங்கை ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாபுல், பீடா போடுகிறவர்கள், புகைப்பவர்கள், மது பாவிப்பவர்கள் இந்தப் படியைத் தவறவிடவே கூடாது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மட்டும்தான் என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

டோர்ச்சை அடித்து, உதட்டை மடித்து உட்பக்கம், இரண்டு கன்னங்கள், முரசு, அண்ணம், நாக்கின் இரண்டு ஓரங்கள், நாக்கின் அடி என்று பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, தடிப்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். தொடக்கத்தில் வலிக்காது என்பதால்தான் பலர் பிந்திப் போகிறார்கள்.

உங்கள் கையின் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். முன்பு போன மூன்று விரல் இப்போது போகாவிட்டால், காரமான கறி வாயில் எரிந்தால், பாக்கினால் கன்னத்துத் தசை இறுகத் தொடங்கியிருக்கலாம். அன்றே பாக்கை நிறுத்திவிட்டுப் பல் வைத்தியரிடம் போங்கள்.

கட்டுப்பல் உள்ளவர்கள் இரவில் கழற்றி, சவர்க்காரமும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவி, சாதாரண தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் அதன் வடிவத்தைக் கெடுக்கும்.

10. வலி வந்த இரவில்

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிளாஸில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொப்பளித்து, இடுக்கில் மாட்டியதை நூலால் எடுங்கள். சில நேரம் இதிலேயே அடங்கும். பெரியவர்கள் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு குளிசை, ஆறு மணிக்கு ஒருமுறை எடுக்கலாம். 24 மணிநேரத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டுக் குறைத்து எடுக்க வேண்டும்.

காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இபுபுரொஃபென், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். கொழும்பில் அந்தக் காய்ச்சல் டெங்காகவும் இருக்கலாம், இந்தக் குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டும்.

அஸ்பிரினை முரசில் வைத்தால் தோல் வெந்து புண்ணாகும். கராம்பு எண்ணெயையும் பஞ்சில் ஒரு துளிக்கு மேல் வைத்தால் அதே கதி. பாமசியில் அன்டிபயோட்டிக் கேட்டு வாங்குவது வீண்: பல்லுக்குள் இருக்கும் நரம்பு வீக்கத்துக்கு மருந்து போய்ச் சேராது. வலி தானாக நின்றுபோனாலும் சந்தோஷப்பட வேண்டாம். நரம்பு செத்திருக்கலாம், அடுத்தது சீழ்.

தாடைக்குக் கீழே அல்லது கண் பக்கம் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், மூச்சு முட்டல் இவற்றில் ஒன்று வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.

விழுந்து நிரந்தரப் பல் வேரோடு கழன்றால் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலில் அல்லது தண்ணீரில் சில நொடி அலசி, அதே குழிக்குள் வைத்து, துணியைக் கடித்தபடி போங்கள். வைக்க முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். தேய்த்துக் கழுவினால் வேரில் இருக்கும் உயிருள்ள படலம் போய்விடும். அரை மணிக்குள் போவது நல்லது. பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் வளரும் பல் கெடும்.

11. வைத்தியரிடம்

அரச சேவைக்கு கொழும்பு 7, வாட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. நேரத்தோடு போனால் இலக்கம் முன்னுக்குக் கிடைக்கும். கிளினிக் கொப்பியையும் எடுக்கும் குளிசைகளையும் கொண்டுபோங்கள். பிரஷர், சீனி, இதய வால்வுக் கோளாறு, இரத்தம் உறையாமல் எடுக்கும் குளிசை, எலும்புத் தேய்வுக்கு ஊசி, கர்ப்பம் இவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இரத்தக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வழக்கமான நேரத்தில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் ஊசி போட்டால் தலைசுற்றும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசம்.

பல்லைக் கழட்டுங்கள் என்று நீங்களே தொடங்காமல், காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். மேல்பல்லைக் கழட்டினால் கண் பார்வை போகும் என்பது உண்மையல்ல. ஆனால் கழட்டிய இடத்துக்குப் பக்கத்துப் பற்கள் சாய்வது உண்மை.

கழட்டினால் பஞ்சை அரை மணி இறுக்கிக் கடியுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் இரத்தக்கட்டி பிய்ந்துவிடும். 24 மணிநேரம் கொப்பளித்தல், ஓங்கித் துப்புதல், ஸ்ட்ரோவால் உறிஞ்சுதல், சூடான தேத்தண்ணி, புகை எதுவும் வேண்டாம். மறுநாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெல்லச் சாய்த்து வெளியே விடுங்கள். குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் அளவில் காதுவரை ஏறினால் குழியிலிருந்த கட்டி போய் எலும்பு தெரிகிறது என்று அர்த்தம். கழட்டிய இடத்துக்கே அன்று திரும்பிப் போனால் குழியைக் கழுவி மருந்து வைத்துவிடுவார்கள்.